பிரஷர் கிளினிக்கில் கூடுதலாக ஒரு கேள்வி

உப்பு எவ்வளவு, கருவாடு கிழமையில் எத்தனை நாள், நடக்கிறீர்களா, குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? திருகோணமலையில் பிரஷர் கிளினிக் பார்க்கும் எந்த வைத்தியரும் கேட்பவைதான். சில காலமாக நான் இன்னொன்றும் கேட்கிறேன்: "இந்தக் கிழமை வேறு யாருக்காவது ஏதாவது செய்து கொடுத்தீர்களா?" பலர் சிரிப்பார்கள். "என்னைப் பார்க்கவே ஆளில்லை, டொக்டர்" என்பார்கள் சிலர்.

பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும் இருக்க, வீட்டில் தனித்துவிட்ட வயதானவர்களுக்கு நாள் முழுவதும் தங்கள் உடம்பைப் பற்றிய யோசனைதான். மெஷின் வாங்கி வைத்து, நினைத்த நேரமெல்லாம் பிரஷர் பார்ப்பார்கள். கூடியிருந்தால் பயம், அந்தப் பயத்தில் இன்னும் கூடும். பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாக அடித்து, இரத்தக் குழாய்கள் இறுகுவதால் வருவது அது. இன்னொருவருடைய தேவையில் மனம் ஈடுபடும்போது இந்தப் பதற்றம் தணிய இடம் கிடைக்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு மூன்று கிழமைகள், கிழமைக்கு 40 டொலர் வீதம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் தமக்கே செலவழிக்க வேண்டும், மற்றவர்கள் பிறருக்கு. பிறருக்குச் செலவழித்தவர்களின் பிரஷர்தான் குறைந்தது. 73 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், இருந்தாலும் யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தபடியால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 51 முதல் 91 வயது வரையானவர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வருடத்துக்கு 200 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்குப் புதிதாகப் பிரஷர் வருவது குறைவாக இருந்தது. ஆனால் உடம்பு தெம்பாக இருப்பவர்தானே தொண்டுக்கும் போவார்? அதனால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும். ஒரு தரம் உதவினால் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் ஊறி வருத்தமெல்லாம் பறந்துவிடும் என்று ஃபோனில் சுற்றும் செய்திகளை விட்டுவிடுங்கள்.

எங்கள் கிளினிக்குக்கு ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வருகிறார். மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்து வாங்கில் அவரைக் காணலாம். மூதூரிலிருந்து விடிய பஸ் ஏறி வரும் அம்மாமார், "மாஸ்டர், இதை எப்ப போடுறது?" என்று கடதாசி உறைகளை நீட்டுவார்கள். அவர் வாசித்துச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து உறையில் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை கீறிக் கொடுப்பார். சந்தேகம் வந்தால் அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு யன்னலுக்குப் போய்க் கேட்பார். அவருடைய பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அதே காலத்தில் குளிசையையும் கூட்டினோம், ஆகவே முழுப் புகழையும் சூரியனுக்கும் பிறைக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் முன்பு மருந்து முடிந்தும் வராமல் இருந்தவர், இப்போது ஒரு தவணையும் தவறுவதில்லை. அவரைத் தேட ஆட்கள் இருக்கிறார்களே!

பெரிதாக எதுவும் தேவையில்லை. கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை, கண் தெரியாதவருக்குப் பேப்பர் வாசிப்பது போதும். முடிந்தவரை நேரில் செய்யுங்கள். பணத்தை அனுப்பிவிட்டு இருப்பதைவிட முகம் பார்த்துப் பேசுவது நல்லது என்பது என் அனுபவம். குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பாரிசவாதத்தில் படுத்த கணவரை இரவு பகலாகப் பார்க்கும் பெண்களிடம் நான் இதையெல்லாம் பேசுவதில்லை. 1999இல் வந்த ஆய்வொன்றில், துணையைப் பராமரித்து அந்தச் சுமையில் நொந்துபோயிருந்த முதியவர்களின் இறப்பு வீதம், அப்படிப் பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இவர்களுக்கு வேண்டியது ஓய்வு. ஒரு பின்னேரமாவது மகனை அப்பாவோடு இருக்கவிட்டு, டச் பே கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கி வாருங்கள் என்பேன். "அவனுக்கு வேலை, டொக்டர்" என்று உடனே பதில் வரும். சரி, அடுத்த தவணைக்கு மகனையும் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன். அப்படியே அவருடைய பிரஷரையும் பார்த்துவிடலாம்.