கொட்டேஷன் மெயில் ஸ்பேமுக்குப் போகும் கதை

திருப்பூர், கோவைப் பக்கத்துச் சிறு ஏற்றுமதி நிறுவனங்களுக்கு டொமைன் (இணையத்தில் நிறுவனத்தின் பெயர்), மெயில் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். "பையருக்கு கொட்டேஷன் அனுப்பினா ஸ்பேம்ல போய் விழுது சார்" என்ற புகார் அடிக்கடி வரும். விசாரித்தால், கொஞ்ச நாள் முன்பு வெப்சைட்டின் புதிய கலெக்‌ஷன் பக்கத்தை அப்படியே மெயிலில் ஒட்டி, கைவசம் இருந்த அத்தனை முகவரிகளுக்கும் தட்டிவிட்டிருப்பார்கள்.

அனுப்புகிறவரின் திரையில் அது அழகாகத்தான் தெரியும். வெப் பக்கம் பிரவுசருக்காக எழுதப்பட்டது. மெயில் செயலியோ அதில் பாதியைப் பிய்த்துப் போட்டுவிடும். பக்கத்தில் மெனு, பொத்தான்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மெயிலில் ஓடாது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் தனிக் கோப்பாக இருந்தால் அதை ஜிமெயில் எடுத்துக்கொள்ளாது. விண்டோஸில் ஓடும் பழைய வகை அவுட்லுக் மெயில் செயலி, 2007ஆம் பதிப்பு முதல், வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் மெயிலைக் காட்டுகிறது. ஐரோப்பிய பையர் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படிப் போன ஒரு மெயிலைப் பெற்றவரின் கணினியில் எப்படி இருந்தது என்று ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பார்த்தேன். மேலே முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு என்று மெனு முழுவதும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளி வைத்து இறங்குகிறது. டி-ஷர்ட் படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும். கடைசியில் 'குக்கீகளை ஏற்கவும்' என்ற பொத்தான் வேறு! அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அசிங்கமாகத் தெரிவதோடு போனால் பரவாயில்லை. மெயிலின் ஹெச்டிஎம்எல், அதாவது படங்கள் நீங்கலான எழுத்தும் குறியீடும், 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். முழு வெப் பக்கம் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற லிங்க் எங்கே இருக்கும்? அடியில்தான். அது கண்ணில் படாதபோது பெற்றவர் என்ன செய்வார்? மேலே கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். அந்த அழுத்தம் அந்த ஒரு மெயிலோடு நிற்பதில்லை, உங்கள் டொமைனின் கணக்கில் ஏறுகிறது. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு. ஆயிரம் பேரில் மூன்று பேர் போதும். மறுநாள் அதே டொமைனிலிருந்து போகிற கொட்டேஷனும் ஷிப்பிங் ஆவணமும் அந்தச் சந்தேகத்தையும் சுமந்துகொண்டுதான் போகின்றன.

அப்புறம் தினசரி வரம்பு. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர், கட்டணம் செலுத்தும் ஒர்க்ஸ்பேஸில் 2,000. தாண்டினால் 24 மணி நேரம் வரை அந்தக் கணக்கிலிருந்து எதுவும் போகாது. சரக்கு கிளம்பும் நாளில் இப்படி மாட்டிக்கொண்டு, இன்வாய்ஸைச் சொந்த மெயிலிலிருந்து அனுப்பிய மெர்ச்சண்டைசர்கள் உண்டு.

முகவரிகளை எங்கே பிடித்தீர்கள் என்பதும் முக்கியம். விலைக்கு வாங்கிய பட்டியல் என்றால் நான் கையே வைக்க மாட்டேன். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகூட எல்லா நாட்டிலும் சம்மதம் ஆகிவிடாது. ஜெர்மனியில் முறையற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, நிறுவனத்துக்கு அனுப்பும் விளம்பர மெயிலுக்கும் பொதுவாக முன்சம்மதம் வேண்டும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு விளம்பர மெயில் சட்டம் (கேன்-ஸ்பேம்) முன்சம்மதம் கேட்பதில்லை. ஆனால் உங்கள் தபால் முகவரி மெயிலில் இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும். எல்லா பையர்களையும் சிசியில் போட்டு, உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதைப் பற்றித் தனியாகத் திட்டிக் கட்டுரை எழுதலாம்.

நான் செய்து கொடுப்பது எளிமையானது. பக்கத்தை மெயிலில் அடைக்காமல் ஒரு படம், நாலு வரி, பக்கத்துக்கு ஒரு லிங்க். 600 பிக்சல் அகலத்தில் பழைய பாணி டேபிள் அமைப்பு, நிறம், எழுத்தளவு போன்ற ஸ்டைலெல்லாம் தனிக் கோப்பில் இல்லாமல் அந்தந்த வரிக்குள்ளேயே. படம் திறக்காவிட்டாலும் விஷயம் புரிய வேண்டும். அதனால்தான் முழு மெயிலையும் ஒரே படமாக்கி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் மொத்த மெயிலுக்கென்று தனி சப்டொமைன் (உங்கள் டொமைனின் ஒரு கிளை), அதற்கு மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும், அனுப்புவதற்கு ஒரு மொத்த மெயில் சேவை. தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது. நீங்கள் 400 பேருக்கு அனுப்பினாலும் செய்து வையுங்கள்.

ஏற்கெனவே ஸ்பேமில் விழுகிறதா? முதலில் பலருக்கு மொத்தமாக அனுப்பும் மெயிலை நிறுத்துங்கள். உங்கள் மெயிலுக்கு எவ்வளவு ஸ்பேம் புகார் வருகிறது என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம்தான், அதில் டொமைனைச் சேர்த்து வையுங்கள். நிலைமை சரியாவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை முக்கியமான பையர்களுக்கு போன் போட்டு, ஸ்பேமில் கிடக்கும் உங்கள் மெயிலைத் திறந்து 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்தச் சொல்லுங்கள்.