பூதத்தை யார் தனிப்பயனாக்கினார்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பகடை உருள்கிறது. தாயக்கட்டை அல்ல, இருபது முகப் பகடை. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை அக்கா மகனும் அவன் நண்பர்களும் ஆடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் அது. சென்ற வாரம், யாரோ தமிழாக்கிய விதித்தாள் ஒன்றை அச்செடுத்து வந்திருந்தான். தலைப்பு: 'அரக்கர்களையும் விளையாடாத பாத்திரங்களையும் தனிப்பயனாக்குதல்'. கைப்பேசியிலும் கணினியிலும் இந்தத் தனிப்பயனாக்கலை இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டவன் நான். பூதத்துக்கும் அது வந்து சேர்ந்தபோது பொறுமை போய்விட்டது.

மூலச் சொல் கஸ்டமைஸ். கஸ்டம் என்பது இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். முதற்பொருள் வழக்கம். ஒரே கடைக்கு வழக்கமாக வருகிறவர் கஸ்டமர். நம் வாடிக்கையிலிருந்து வாடிக்கையாளர் பிறந்ததும் இதே வழியில்தான். அவர் கேட்டபடி செய்து கொடுத்த பொருள் கஸ்டம். அதிலிருந்து வினை கிளைத்தது 20ஆம் நூற்றாண்டில். அவ்வளவுதான்.

இப்போது தனிப்பயனாக்கு என்பதைப் பிரித்துப் பாருங்கள். தனி, பயன், ஆக்கு. தனி ஒருவருடைய பயனுக்கு ஆக்கிக்கொள்வது. 'ஊர்க் குளத்தில் பாதியை அவர் தனிப்பயனாக்கிவிட்டார்' என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், கேட்பவர் உடனே ஆக்கிரமிப்பு என்று புரிந்துகொண்டு தாசில்தாருக்கு மனு எழுத உட்கார்ந்துவிடுவார். தமிழ் இலக்கணப்படி அவர் புரிந்துகொண்டதே சரி. ஒன்றை மாற்றியமைத்தார்கள் என்ற செய்தி இந்தச் சொல்லில் எங்குமே இல்லை; அது யாருடைய அனுபோகத்துக்குப் போனது என்ற செய்திதான் இருக்கிறது. போதாததற்குப் பர்சனலைஸ் என்பதற்கும் இதையே வைத்துவிட்டார்கள். இரண்டு வேலைக்கு ஒரே சொல், அதுவும் தவறான சொல்.

ஆட்டத்தில் நடப்பது என்ன? ஓகர் என்ற தடியன் பூதத்தை எடுத்துக்கொள்வோம். 2014 விதிகளின்படி பத்துமுகப் பகடையை ஏழு முறை உருட்டி, வந்த கூட்டுத்தொகையோடு 21ஐச் சேர்த்தால் அதன் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு. சராசரி 59. நோஞ்சான் ஓகர் வேண்டுமென்றால் 28, மல்லன் வேண்டுமென்றால் 91. இது எண்ணை மாற்றுவது. இன்னொன்று, எண்களைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. அக்கா மகன் ஓகரைக் கல்லணைக்குக் கீழே ஒரு மதகில் உட்கார வைத்திருக்கிறான். கையில் கதாயுதத்துக்குப் பதில் மதகுப் பலகை. அடியின் வலு அதேதான். இதற்கு வேடம் மாற்றுவது என்று கூத்துக்காரர்களின் சொல்லே போதும். மூன்றாவது, புதிய குணம் ஒன்றை ஒட்டுவது: ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் பூதத்துக்கு வலு கூடும், கோடையில் குறையும். இந்த ஒட்டுவேலை நமக்குப் புதிதா? தாராசுரம் கோயிலில் காளைக்கும் யானைக்கும் ஒரே தலையை வைத்தானே சிற்பி! ஒரு பக்க உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. யாளியும் இந்த வகைதான்.

இந்த மூன்றிலும் யாரும் எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பதை, ஆட்டத்துக்கும் ஆடுகிறவர்களுக்கும் ஊருக்கும் பொருந்தும்படி மாற்றுகிறார்கள். அதற்குத் தோதாக்கு என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். தோது எல்லார் வாயிலும் இருக்கும் சொல். 'இந்த மண்ணுக்குத் தோதான விதை' என்றால் விளக்கவுரை வேண்டாம். பூதத்தைத் தோதாக்கினேன் என்றாலும் வேண்டாம். அச்செழுத்துக்குப் போதிய கம்பீரம் இல்லை என்பார் ஒரு புலவர் நண்பர். இசைவுறுத்தம் என்று ஏதாவது சமைத்துத் தருவார். அப்படிச் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் தனிப்பயனாக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். தோதாக்கத்திலும் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: முதலிலிருந்தே கேட்டபடி செய்வதை அது சொல்லாது. அதற்குச் 'சொல்லிச் செய்தது' இருக்கிறது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கைச் சொல்லிச் செய்கிறோம். யாரும் தனிப்பயனாக்கி வாங்குவதில்லை.

தோதாக்கம் என்று பெயர்ச்சொல்லாக எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூசுகிறது. ஆனால் தமிழுக்கு வினை போதும். ஆங்கிலத் தலைப்பில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொன்னது? 'பூதங்களைத் தோதாக்குவது எப்படி' என்று போடலாமே. மான்ஸ்டர் என்ற மூலச் சொல்லை அரக்கர் ஆக்கியதும் பிழை. மூலத்தில் ஓநாயும் எலும்புக்கூடும்கூட அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. எலும்புக்கூடு எப்போது அரக்கர் குலத்தில் சேர்ந்தது? பூதம் அவ்வளவையும் தாங்காது என்றாலும் அரக்கனைவிட அகலமானது.

கடைசியாக அந்த விளையாடாத பாத்திரம். பித்தளைக்குப் பேர்போன கும்பகோணத்தில் அதைக் கேட்டால் பரணில் கவிழ்த்து வைத்த அண்டாதான் நினைவுக்கு வரும். பொருளும் தவறு. சத்திரக்காரரும் படகுக்காரரும் மதகு காவலரும் விளையாடாமலா இருக்கிறார்கள்? ஆட்டம் நடத்துகிறவர் அவர்கள் அத்தனை பேருக்கும் குரல் கொடுத்து ஆடுகிறார். வந்திருக்கும் ஆட்டக்காரர்கள் அவர்களை ஆடுவதில்லை என்பதுதான் செய்தி. துணைமாந்தர் என்றால் முடிந்தது. நடத்துநர் பாத்திரம் என்று அக்கா மகன் ஒன்று சொன்னான். டிக்கெட் எங்கே என்று கேட்டேன்.