முழங்கால் ஊன்றல்: 'டேக் எ நீ'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'டேக் எ நீ' என்று தமிழ் எழுத்தில் எழுதினால், கடைசி எழுத்து நம்மைப் பார்த்து 'நீ' என்கிறது. உண்மையில் அது முழங்காலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அமெரிக்க விளையாட்டரங்குகளில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது, எழுந்து நிற்காமல் ஒரு முழங்காலைத் தரையில் வைத்து வீரர்கள் காட்டும் எதிர்ப்புக்கு 2016 முதல் வழங்கும் பெயர். தமிழ்ச் செய்திகளில் 'மண்டியிட்டு எதிர்ப்பு' என்று வருகிறது. அது எனக்கு நெருடுகிறது.

இது முதலில் அமெரிக்கக் கால்பந்தின் களச்சொல். (பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.) ஒருவர் அடிபட்டு விழுந்தால் மற்றவர்கள் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருப்பார்கள். பயிற்சியாளர் பேசும்போதும் அப்படியே சுற்றி இருந்து கேட்பார்கள். ஆட்டத்துக்குள்ளும் இதற்கு வேலை உண்டு. முன்னிலையில் இருக்கும் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்), கடைசி நேரத்தில் பந்தை வாங்கியதும் முழங்காலைத் தரையில் வைத்துவிடுவார். பந்து அங்கேயே நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடும். 1978 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இதைச் செய்யாமல் பந்தைக் கைமாற்றப் போய்த் தவறவிட்டது. எதிரணியான பிலடெல்பியா ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடி, தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டார். அப்புறம் எல்லா அணிகளும் முழங்காலை நம்ப ஆரம்பித்தன. ஆக, களத்தில் இந்தச் சொல்லுக்குப் பணிவு, சரணாகதி என்ற வாடையே கிடையாது.

2016 ஆகஸ்டில், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் நாட்டுப்பண்ணின்போது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்காக எழுந்து நின்று பெருமை காட்ட மாட்டேன் என்றார். கண்டனம் குவிந்தது. ராணுவச் சிறப்புப் படையில் இருந்தவரும் கால்பந்து ஆடியவருமான நேட் பாயர் அவருக்குத் திறந்த மடல் எழுதினார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதைவிட முழங்காலை ஊன்றலாம், இறந்த தோழரின் கல்லறை முன்னால் படைவீரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது பாயரின் யோசனை. செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் முழங்கால் ஊன்றினார்கள். பாயர் பக்கத்தில் நெஞ்சில் கை வைத்து நின்றார். அதாவது, மரியாதை குறையக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நிலை இது. அதையே அவமரியாதை என்று 2017 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் மேடையில் திட்டினார். அந்த வார ஆட்டங்களில் முழங்கால் ஊன்றியவர்களும் உட்கார்ந்தவர்களும் 200 பேருக்கு மேல். கேப்பர்னிக்கை 2017 தொடக்கத்துக்குப் பிறகு எந்த அணியும் ஆட எடுக்கவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'எடுத்தல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'முழங்கால் எடுத்தல்' என்றால் எலும்பு மருத்துவரைத்தான் தேட வேண்டும். 'முட்டி போடுதல்' பேச்சில் சரளமாக வரும்; ஆனால் வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட நினைவும் கூடவே வரும். 'முழங்கால்படியிடுதல்' தேவாலயத்துக்கு உரியது, இரண்டு காலும் மடிய வேண்டும்.

'மண்டி' நல்ல சொல்தான். பரதநாட்டியத்தில் அரைமண்டி, முழுமண்டி என்று கம்பீரமான நிலைகள் இருக்கின்றன. ஆனால் 'மண்டியிட்டான்' என்று வினையாக்கியதும் பொருள் சாய்ந்துவிடுகிறது. 'அரசு மண்டியிட்டது' என்று தலைப்பு வந்தால் அரசு பணிந்துவிட்டது என்று குழந்தைக்கும் தெரியும். எதிர்த்தவரைப் பணிந்தவராகக் காட்டும் சொல்லை அந்த எதிர்ப்புக்கே பெயராக வைப்பது எப்படிப் பொருந்தும்? வேடிக்கை என்னவென்றால், விடாப்பிடிக்கு நம்மிடம் 'ஒற்றைக்காலில் நிற்பது' என்ற வழக்கு இருக்கிறது. கேப்பர்னிக் செய்தது அதுதான், என்ன, நிற்காமல் செய்தார்.

என் தேர்வு 'முழங்கால் ஊன்றல்'. ஊன்றுவதில் உறுதி இருக்கிறது: கோல் ஊன்றுகிறோம், காலூன்றுகிறோம், கையூன்றிக் கரணம் போடுகிறோம். பணிவும் இதில் ஒட்டாது, திமிரும் ஒட்டாது. ஒற்றைக் கால் என்று வற்புறுத்த வேண்டுமானால் 'ஒருகால் ஊன்றல்' என்று சுருக்கிவிடாதீர்கள். 'ஒருகால்' என்றால் 'ஒருவேளை' ஆகிவிடும்.

சொல்லைச் சோதிக்க ஒரு கிரிக்கெட் செய்தி போதும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொலையான பிறகு, 2020 ஜூலையில் சவுதாம்ப்டனில் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் வீரர்கள் முழங்கால் ஊன்றினார்கள். அங்கே அது நாட்டுப்பண்ணை விட்டு முதல் பந்துக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. 2021 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க அணியினர் எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று வாரியம் உத்தரவிட, குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகினார். 'டி காக் மண்டியிட மறுத்தார்' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ கோட்டையைக் காத்த பாளையக்காரர் போல இருக்கிறது. 'முழங்கால் ஊன்ற மறுத்தார்' என்றால் நடந்தது மட்டும் தெரிகிறது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டு, இலங்கைக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் ஊன்றினார். அந்த ஒரு இடத்தில் வேண்டுமானால் 'மண்டியிட்டார்' என்று போட்டுக்கொள்ளலாம்.