யாரால் கவனிக்கப்பட்டது?

"சார், மூணாம் நம்பர் பிரஸ் நேத்து ராத்திரி பட்டனை அழுத்தாமலே ரெண்டாவது தடவை இறங்குச்சு. இன்னிக்குக் காலையிலயும் இறங்குச்சு. பையன் கை வைக்கவே பயப்படுறான்."

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, சூப்பர்வைசர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. பிரஸ் என்பது உலோகத் தகட்டை மேலிருந்து இறங்கி அழுத்தும் இயந்திரம். மாதாந்திர அறிக்கையில் இதே விஷயம் இப்படி ஏறியது: "இயந்திரம் எண் 3இல் சிறு செயல்பாட்டுக் குறைபாடு கவனிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது."

எழுதியது நான்தான். அறிக்கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்று நம்பினேன். மேலாளர் படித்துக் கையெழுத்துப் போட்டார். பதினோராவது நாள் அந்தப் பையனின் ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல தடவை பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் சொன்னதில் எந்த மெஷின், எப்போது, எத்தனை தடவை, எப்படி என்று எல்லாமே இருக்கிறது. 'பட்டனை அழுத்தாமலே' என்ற சொல் ஒன்று போதும், ஃபிட்டர் நேரே பிரஸ்ஸை இறக்கி நிறுத்தும் கிளட்ச்சையும் பிரேக்கையும்தான் போய்ப் பார்ப்பார். 'செயல்பாட்டுக் குறைபாடு' என்பதை வைத்துக்கொண்டு அவர் எங்கே ஸ்பானரைப் போடுவார்? 'சிறு' என்ற சொல்லை நானாகவே சேர்த்திருந்தேன். அது சிறியது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

'கவனிக்கப்பட்டது', 'எடுக்கப்பட்டு வருகிறது' எல்லாம் அலுவலக மொழி. வீட்டில் யாரும் "என்னால் சோறு சாப்பிடப்பட்டது" என்று சொல்வதில்லை. அறிக்கை எழுத உட்கார்ந்ததும் மட்டும் ஆளைத் தூக்கிவிட்டு வினையை நிறுத்துகிறோம். மரியாதையாக இருக்கிறது, யார் மேலும் பழி வராது. வேலையும் யார் தலையிலும் விழாது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82 வினாடிகளுக்குள், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டு நிர்வாகத்துக்கு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடைப் பின்னால் விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே எடுத்து வைத்து அலசியது. தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் வரும். கடைசி வரியில்தான் விஷயம்: நுரை மோதினால் என்ன ஆகும் என்று முன்பு நடத்திய சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனை முடிவுகளை நம்பி எதுவும் சொல்ல முடியாது. 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் சொல் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து இடத்தில் வருகிறது. ஓரிடத்திலும் 'எவ்வளவு' என்று இல்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். உண்மை ஸ்லைடில் இருந்தது, ஆனால் கடைசி வரியில் இருந்தது.

சரி, அப்படியானால் வாட்ஸ்அப்பே போதுமே என்று கேட்கலாம். போதாது. அந்தச் செய்தி நான்கு குட்மார்னிங் படங்களுக்குக் கீழே போய்விட்டது. விபத்தில் அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு. தெரிவித்தோம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது முன்னாடியே தெரியுமா?" ஃபைலில் என் 'சிறு குறைபாடு' இருந்தது. உண்மை சூப்பர்வைசரின் போனில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். வாய்மொழியாகவோ போனிலோ வந்ததை அன்றைக்கே, சொன்னவரின் சொல்லிலேயே, நேரத்தோடு அறிக்கையின் முதல் பத்தியில் போட்டுவிடுவேன். இலக்கணம் திருத்துவதில்லை. நான் கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, நான் ஊகிப்பது மூன்றும் தனித்தனியாக இருக்கும். மெஷினை நிறுத்த வேண்டும் என்றால் அதுதான் முதல் வரி. நடவடிக்கைக்கு நேராக ஒரு பெயரும் ஒரு தேதியும். 'விரைவில்' கிடையாது.

இன்னொன்று, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. விபத்து அறிக்கைகளில் எனக்குப் பிடிக்காத சொல் இதுதான். எங்கள் விபத்திலும் முதல் வரைவில் அதைத்தான் எழுதியிருந்தார்கள், பல நாளாகப் பயந்து பயந்து வேலை செய்த பையனைப் பற்றி. அந்தச் சொல் விழுந்ததும் பிரேக் லைனிங்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காரணத்தில் அதைப் பார்த்தால் நான் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சில மேலாளர்களுக்கு என் மேல் கோபம் உண்டு, இருக்கட்டும்.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில், நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதும் 'நியர் மிஸ்' அட்டையின் முதல் கட்டம் ஆபரேட்டருக்கானது. எந்த மொழியிலும் எழுதலாம். போன மாதம் ஒன்று ஒடியாவில் வந்தது. கேன்டீனில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "கிரேன் கொக்கி பூட்டவில்லை. மூன்று பேரிடம் சொன்னேன், தலையாட்டினார்கள்" என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.