தோலுக்காக ஒரு மலையேற்றம்

மால்பெக் திராட்சை ஒன்றைக் குலையிலிருந்து பறித்து விரலிடையில் நசுக்கினால் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. தோல் கருநீலம், கிட்டத்தட்ட மை. உள்ளிருந்து வழிகிற சாறோ இளநீர் மாதிரி. கோப்பையின் மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கறுத்த ஒயின் இதிலிருந்தா வருகிறது என்று சந்தேகம் வரும். அந்த நிறம் மொத்தமும் தோலிலிருந்து வருவது. துவர்ப்பில் பெரும்பங்கும், மணத்தில் கணிசமான பங்கும் அந்த மெல்லிய தோலுக்குள்தான் இருக்கின்றன.

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்துக்குத் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஆண்டீஸ் மலைத்தொடரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைச் சிகரங்கள், கீழே பச்சை வரிசைகள். அழகுதான், மறுக்கவில்லை. அந்த மலைக்குத் திராட்சைத் தோலுக்குள் என்ன வேலை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் வேலை, மழையைத் தடுப்பது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குவது நமக்குப் பழகிய கதை. மெண்டோசாவிலும் அதே கதைதான், மலை மட்டும் பல மடங்கு பெரிது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சிலி நாட்டுச் சரிவில் மழையாகவும் பனியாகவும் சுமையை இறக்கிவிடுகிறது. 6,961 மீட்டர் உயர அக்கோன்காகுவா நிற்கிற வரிசையைத் தாண்டி வரும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. மெண்டோசாவில் ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு கெட்ட நாளில் காலைக்கும் இரவுக்கும் இடையில் பெய்துவிடுகிற மழை.

ஆக, அது பாலைவனம். திராட்சைக்கு இது பாதி வரம். இலையும் குலையும் நனையாததால் பூஞ்சை நோய் குறைவு. மீதிப் பாதிக்கு மலைதான் பதில் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் உச்சியில் சேர்ந்த பனி, கோடையில் உருகி ஆறாக இறங்குகிறது. அதைக் கால்வாய் வெட்டித் திருப்பும் வழக்கம் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே உவார்பே பழங்குடியினரிடம் இருந்தது. இன்றும் மெண்டோசா நகரத்துத் தெருக்களில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே திறந்த வாய்க்கால் ஓடும். பேசிக்கொண்டே நடக்கிற வெளியூர்க்காரர் கால் விடுவதற்கென்றே வெட்டியதுபோல இருக்கும். 1884-ல் வந்த மாகாண நீர்ச்சட்டம் தண்ணீர் உரிமையை நிலத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. முறைப்படி மடை திறந்துவிடுகிற ஆளுக்கு அங்கே 'தொமேரோ' என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டிக்கு அவர் தூரத்துச் சொந்தக்காரர் என்று சொல்லலாம்.

வானம் தண்ணீர் தராமல் மனிதன் தரும் இடத்தில் ஒரு வசதி உண்டு: எப்போது நிறுத்துவது என்பதும் அவன் கையில். காய் நிறம் மாறத் தொடங்கும் சமயத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் பழம் பெருக்காது. இதில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உருண்டை சிறுக்கச் சிறுக்க, அதன் கன அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழத்தைவிட 12 மில்லிமீட்டர் பழத்தில், ஒரே அளவு சாற்றுக்கு ஒன்றரை மடங்கு தோல் இருக்கிறது. சாப்பிடும் திராட்சை வாங்கும்போது குண்டுப் பழமாகப் பார்த்துப் பொறுக்குகிறோம். ஒயின் போடுகிறவருக்கு வேண்டியது நோஞ்சான் பழம்.

இனி வெயில். மெண்டோசா நகரம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஊகோ பள்ளத்தாக்குக்குப் போனால், பெயர்தான் பள்ளத்தாக்கு, தோட்டங்கள் 1,000 மீட்டரில் தொடங்கி 1,500 வரைக்கும் அதற்கு மேலும் ஏறுகின்றன. 1,500 என்றால் நம் ஏற்காடு உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15% குறைவு. மேலே இருக்கும் காற்றுப் போர்வை மெலிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10% அளவுக்குக் கூடுகிறது. போதாக்குறைக்கு மேகமும் குறைவு, ஈரப்பதமும் குறைவு. தொப்பி இல்லாமல் தோட்டம் சுற்றினால் சாயங்காலம் மூக்கு நுனி சொல்லும்.

மனிதனுக்குத் தொப்பி உண்டு, நிழலில் ஒதுங்கக் காலும் உண்டு. திராட்சைக்கு இரண்டும் இல்லை. அதனால் அது இருந்த இடத்திலேயே குடை தயாரிக்கிறது. செடியின் செல்களில் புற ஊதாக் கதிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் உண்டு. கதிர் பட்டதும் அது உருமாறி, தற்காப்பு வேலைகளை முடுக்கிவிடுகிறது. விளைவாகத் தோலில் ஃபிளேவனால்கள் என்ற நிறமற்ற கதிர்வடிகட்டிகள் சேர்கின்றன. கூடவே கருநீல நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்களும் கூடுகின்றன. ஒயின் ரசிகர்கள் 'அடர்த்தி' என்று மெச்சிக்கொள்வது, பழத்தின் கணக்கில் வெயிலுக்குப் பூசிக்கொண்ட களிம்பு.

இதை வெறும் ஊகமாக விடவில்லை. மெண்டோசாவில் இருக்கும் குயோ தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஊகோ பள்ளத்தாக்கின் உயரமான மால்பெக் தோட்டம் ஒன்றில் சில கொடிகளுக்கு மேல் புற ஊதா-பி கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளையும், வேறு சிலவற்றுக்கு அதை அனுமதிக்கும் தாளையும் விரித்தார்கள். மண், தண்ணீர், காற்று எல்லாம் ஒன்று. வேறுபாடு அந்தத் தாள்தான். கதிர் பட்ட பழங்களின் தோலில் நிறமும் துவர்ப்பும் தருகிற பாலிஃபீனால்கள் கூடின, விளைச்சலோ குறைந்தது. கொடி சர்க்கரையைச் செலவழித்துத்தான் கவசம் செய்கிறது. சும்மா வராது.

வெயில் இவ்வளவு என்றால் பழம் வெந்துபோகாதா? போகும், இரவு இல்லாவிட்டால். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பழுக்கும் திராட்சைக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சர்க்கரைக் கடிகாரம்: இலை வெயிலில் சமைத்ததைப் பழத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொன்று தோலின் கடிகாரம்: நிறம் ஏற வேண்டும், பச்சை வாடை போக வேண்டும், விதை பழுப்பாக வேண்டும். வெப்பச் சமவெளியில் சர்க்கரை முந்திக்கொண்டு ஓடிவிடும். தோல் தயாராகும் வரை காத்திருந்தால் பழம் பாகாகிவிடும், புளிப்பும் போய்விடும். புளிப்பு போவதற்குக் காரணம் மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளின் புளிப்பும் அதுதான். பழம் மூச்சுவிடும்போது இந்த அமிலத்தை எரிக்கிறது. சூடு கூடினால் எரிவதும் கூடும். ராத்திரியும் புழுங்குகிற ஊரில் பழம் தூங்காமல் எரித்துக்கொண்டே இருக்கும்.

மலையில் அப்படியில்லை. 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரி குளிர்கிறது. உலர்ந்த காற்றில் ஈரம் இல்லாததால் பகல் வெப்பம் இருட்டியதும் வானத்துக்கு ஓடிவிடுகிறது. மேட்டிலிருந்து குளிர்காற்று தண்ணீர்போலச் சரிவில் வழிந்து இறங்குகிறது. மதியம் 30 டிகிரி இருந்த தோட்டத்தில் விடியற்காலையில் 12 இருக்கலாம். பகலில் இலை சமைக்கிறது, இரவில் பழம் மூச்சை அடக்கிக்கொள்கிறது. நிறமிகளும் கொதிக்கும் வெப்பத்தைவிட இப்படிப்பட்ட மிதமான சூட்டில்தான் நன்றாகச் சேர்கின்றன. இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகிற நாளுக்காகத் தோட்டக்காரர் காத்திருக்கலாம். மார்ச், ஏப்ரல் வாக்கில் அந்த நாள் வரும். அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில் ஏற்றி, கவாத்து செய்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அறுவடை எடுக்கிறார்கள். மெண்டோசாவிலும் பந்தல் உண்டு, 'பரால்' என்பார்கள். ஆனால் குளிர்காலத்தில் கொடி மொத்த இலையையும் உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. அதைக் கெடுக்கவும் மலைக்குத் தெரியும். கோடை மாலையில் மேகம் திரண்டு ஆலங்கட்டி விழுந்தால் பத்தே நிமிடத்தில் வருஷ உழைப்பு கந்தல். வரிசைகளின் மேல் கறுப்பு வலை போர்த்தியிருப்பது அதற்காகத்தான். படத்துக்கு அழகில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு ஒரு ஆலங்கட்டியைக் கையில் கொடுக்கலாம். இன்னொரு தொல்லை 'சோண்டா' காற்று. மலை உச்சியிலிருந்து விழும் உலர்ந்த காற்று அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடேறிக்கொண்டே இறங்கும். பூக்கும் சமயத்தில் அது வீசினால் பூ கருகிவிடும்.

மால்பெக் இந்த மண்ணின் பிள்ளை அல்ல. தென்மேற்கு பிரான்ஸில் கஹோர் பக்கம் பிறந்தது. 1853-ல் மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணை நிறுவ வந்த பிரெஞ்சுக்காரர் மிஷெல் புஜேயோடு வந்து சேர்ந்தது. பிரான்ஸில் 1956-ன் கடுங்குளிர் அதில் பெரும்பகுதியை அழித்துவிட, தத்துப்போன வீட்டில் பிள்ளை செழித்தது. அதுவும் நெடுங்காலம் தாழ்வான, சூடான நிலங்களில்தான். 1992-ல் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனா ஊகோ பள்ளத்தாக்கின் குவால்தாஜாரியில் ஏறத்தாழ 1,450 மீட்டரில் தோட்டம் போட்டபோது, அந்தக் குளிரில் பழம் பழுக்காது என்றே பலரும் நினைத்தார்கள். பழுத்தது. அதன் பிறகு எல்லோரும் மேலே ஏறத் தொடங்கினார்கள். வடக்கே சால்ட்டா மாகாணத்தில் கொலோமே ஆலையின் ஒரு தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்குச் சற்று நெருக்கம் என்பதால் அங்கே அது சாத்தியம். மெண்டோசாவில் அந்த உயரம் போனால் கொடி உறைந்துவிடும்.

இப்போது ஆலைக்குள் போகலாம். பழத்தைக் காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, தோலோடும் விதையோடும் தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 1% ஆல்கஹால் என்பது ஆலைக்காரர்களின் மனக்கணக்கு. ஊகோவின் பழச்சாற்றில் லிட்டருக்கு 240 கிராம் இருந்தால் ஒயினில் 14% என்று போட்டுக்கொள்ளலாம். அதே ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 60 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு கிளம்பும். இந்த வாயு தோல்களை மேலே தள்ளித் தொட்டியின் வாயில் தொப்பிபோலத் திரட்டிவிடுகிறது. சாறு கீழே, சாயம் மேலே. இரண்டையும் சேர்த்துவைக்க, அடியிலிருந்து சாற்றை உறிஞ்சி மேலே பீய்ச்சித் தோலை நனைக்கிறார்கள், அறுவடைக் காலத்தில் தினமும். குழாயிலிருந்து ஊதா நுரை பொங்கி விழுகிற அந்தக் காட்சியை நேரில் பார்க்கத்தான் மார்ச்சில் போக வேண்டும். நிலவறையில் வாயு தேங்கினால் ஆளைக் கொல்லும் என்பதால் காற்றோட்டத்தில் கறாராக இருப்பார்கள். தூர்வார இறங்கும் முன் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்த்த நம் ஆட்களுக்கு இது புரியும்.

பல ஆலைகளில் ஒரே மால்பெக்கை இரண்டு உயரங்களிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தருவார்கள். ஒயின் வர்ணனைகளைப் படித்து மிரள வேண்டாம். நாவற்பழம் தின்ற நாக்கு போதும். அந்த ஊதாக் கறையும் ஆந்தோசயனின்தான். நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு டானின்: உமிழ்நீரில் வழுக்கலுக்காக இருக்கும் புரதங்களை அது கட்டிப்போடுவதால் வாய் சொரசொரக்கிறது. தாழ்வான தோட்டத்து ஒயின் பழுத்த பிளம் மாதிரி மெத்தென்று இறங்கும். உயரத்து ஒயினில் வாயின் இரு ஓரமும் ஊறும். இரவெல்லாம் பழம் எரிக்காமல் மிச்சம் வைத்த புளிப்பு அது. விழுங்காமல் துப்பினால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம், துப்புவதற்கென்றே கலயம் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மேலே ஏறலாமே என்றால், இப்போது குறுக்கே நிற்பது குளிரைவிடத் தண்ணீர். பழைய கால்வாய்கள் தாழ்வான நிலத்துக்காக வெட்டியவை. உயரத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றையும் சொட்டுநீரையும் நம்பியிருக்கின்றன. 2010-லிருந்து மத்திய ஆண்டீஸில் பெரும்பாலான ஆண்டுகளில் பனிப்பொழிவு குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. வெப்பம் கூடுகிறது என்று தோட்டம் மேலே போகிறது. மேலே போன தோட்டத்துக்குத் தரவேண்டிய பனி குறைகிறது.

ஆலையின் பின்கட்டுக்குப் போனால் பிழிந்து எறிந்த தோல் குவிந்து கிடக்கும். ஊதா நிறம் மங்கி, புளித்த வாடையோடு, மேலே குளவிகள் மொய்த்தபடி. கொஞ்சம் சாராயம் காய்ச்சப் போகும், கொஞ்சம் எருக்குழிக்கு. மக்கியது மறுபடி கொடிகளின் அடியிலேயே போய்ச் சேரும்.