"நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்"

வவுனியாப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓகஸ்ட் வந்தால் எனக்கு ஒரு பயம். கனடா, லண்டன் சொந்தங்கள் லீவுக்கு வந்து நிற்பார்கள். ஒரு வான் பிடித்து, பத்துப் பதினைந்து பேராக ஒலுமடுப் பக்கம் வெடுக்குநாறி மலைக்கோ தெற்கே மிகிந்தலைக்கோ போய் ஏறி இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று புறப்படுவார்கள். தாராளமாகப் போங்கள். நான் எழுத வந்தது வெயிலில் பின்தங்கிக் கடைசியில் நடக்கிற ஆளைப் பற்றி.

அப்படி வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. ஐம்பது தாண்டியவர், பிரஷருக்குக் குளிசை போடுபவர், அதில் ஒன்று சலம் போகவைக்கும் குளிசை. விடிய 6 மணிக்கு என்று பேசிவைத்தவர்கள் வெளிக்கிட்டது 8.30க்கு, பாறையில் கால் வைக்கும்போது 10 மணி. பாதி வழியில் "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்று சொல்லிவிட்டு இருந்திருக்கிறார். மற்றவர்கள் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து இறங்கிவந்து பார்த்தால், மனிசன் சொந்த மகனின் பெயரையே மாற்றிச் சொல்கிறார். களைப்பாக்கும் என்று இரண்டு பனடோலைக் கொடுத்து வானில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் வரும்போது உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸ். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது, ஒன்பது நாள் வார்ட்டில் இருந்தார்.

வெயிலில் நடந்த ஒருவர் மாறிக் கதைக்கிறார், தள்ளாடுகிறார் என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறுகிறது, அதுதான் வெப்ப அதிர்ச்சி. இது காய்ச்சல் இல்லை, அதனால் பனடோல் இதற்கு வேலை செய்யாது. அந்த இடத்திலேயே நிழலுக்குத் தூக்கி, சேட்டைக் கழற்றி, கையில் இருக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பில் ஊற்றி, சாரத்தாலோ தொப்பியாலோ விடாமல் விசிறுங்கள். ஒருவர் விசிறும்போதே இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், புரைக்கேறிவிடும்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு வெயில் பழக்கம்தானே என்பீர்கள். வயலில் வேலை செய்கிறவர்களும் உச்சி வெயிலில் மர நிழலுக்கு வந்துவிடுவார்கள். மொட்டைப் பாறையில் அந்த நிழல் இல்லை. சுற்றிலும் உள்ள நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து போக மிஞ்சி நிற்கிற பழைய கல் அது, மேலே சூரியன், கீழே சுடுகிற கல், இரண்டுக்கும் நடுவில் நாங்கள். ஏறும்போது ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வியர்வை போகலாம், ஆனால் கையில் இருப்பது அரை லீற்றர் போத்தல். ஆளுக்கு இரண்டு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள், கூடவே ஜீவனிப் பைக்கற்றும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்; ஒரு பைக்கற் ஒரு லீற்றருக்கு, தண்ணீரைக் குறைத்துக் கரைக்கவேண்டாம்). குளிர் நாட்டிலிருந்து வந்தவர்களின் உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக இரண்டு கிழமை அளவில் எடுக்கும், வந்து மூன்றாம் நாளே அவர்களை ஏற்றவேண்டாம். சலக்குளிசை போடுகிறவர்கள் போகமுதல் தங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாம்பும் உண்டு. கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒதுங்கப் போகிறவர்களும் நடந்து பழகின பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவேண்டாம், எங்கள் பக்கம் மிதிவெடி அகற்றி இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்பது நாள் வார்ட்டில் இருந்த அந்த மனிசன் பிறகு கிளினிக்குக்கு வந்தபோது, திரும்பவும் ஏறலாமா என்று கேட்டார். தை மாதம் பார்ப்போம், வெயில் ஏறமுதல் இறங்கிவிடவேண்டும் என்றேன். கூட வந்த மகனிடம், அப்பாவை முன்னுக்கு நடக்கவிட்டு அவர் நடக்கிற வேகத்தில் எல்லாரும் பின்னால் போங்கோ, அவர் இருந்தால் நீங்களும் இருங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.