108 கொள்ளையர்களுக்கு ஏரி கொடுத்த ஆறு

லியாங்ஷான் மலைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். கிழக்குச் சீனாவில், ஷான்டோங் மாகாணத்தில், ஒரு சிறு நகரத்தை ஒட்டி நிற்கும் குன்று அது. உயரம் 200 மீட்டரைக்கூடத் தொடாது. மேலே ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் வயல், சாலை, கட்டடங்கள். ஏரியைக் காணோம்.

ஏரியை ஏன் தேடுகிறார்கள் என்றால், சீனாவின் பெரும் நாவல்களில் ஒன்றான 'ஷுயி ஹு ஜுவான்' நடக்கும் இடம் இதுதான். 14ஆம் நூற்றாண்டில் ஷி நாய்ஆன் எழுதியதாகச் சொல்லப்படும் கதை. ஊழல் அதிகாரிகளால் துரத்தப்பட்ட 108 பேர் சோங் ஜியாங் என்ற தலைவனின் கீழ் ஒன்றுசேர்ந்து, ஒரு பிரம்மாண்டமான சதுப்பு ஏரியின் நடுவே இருக்கும் மலையில் கோட்டை கட்டிக்கொண்டு அரசாங்கத்தையே ஆட்டிவைக்கிறார்கள். ஏரியின் சுற்றளவு 800 லீ, உள்ளே எண்ணற்ற கிளைக் கால்வாய்கள், ஆள் உயரத்துக்கு மேல் நாணல். அரசுப் படை கப்பல் கப்பலாக வரும், நாணலுக்குள் வழி தெரியாமல் சிக்கும், யாராவது தீ வைப்பார்கள், இல்லையென்றால் தண்ணீருக்கடியில் நீந்திப் போய்க் கப்பலின் அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள்.

இதெல்லாம் கதாசிரியரின் கற்பனை என்று நினைத்தால் தப்பு. ஏரி நிஜமாகவே இருந்தது. சோங் வம்சத்து (960–1279) ஆவணங்களில் அதன் பெயர், வரி, மீனவர் தகராறு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அந்த 800 லீ கணக்கை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். அந்தக் காலத்து ஒரு லீ என்பது சுமார் அரை கிலோமீட்டர், கொஞ்சம் கூட. அப்படியானால் 800 லீ என்பது 400 கிலோமீட்டருக்கு மேல். ஏரி வட்டமாக இருந்திருந்தால் அதன் பரப்பு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இன்றைய சீனாவின் மிகப் பெரிய ஏரியான சிங்ஹாயே 5,000 சதுர கிலோமீட்டருக்குள்தான் அடங்குகிறது! ஆனால் சதுப்பு ஏரி எங்கே வட்டமாக இருக்கப் போகிறது, விரல் விரலாக நீண்டு வளைந்து கிடக்கும் கரையை அளந்தால் எந்த எண்ணும் வரும். சோங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு 'பல நூறு லீ' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 800 லீ என்பது நாவலுக்கு முன்பே, சோங்கை அடுத்து ஆண்ட யுவான் வம்சத்து (1271–1368) மேடை நாடகங்களில் புழங்கிய எண்.

சரி, அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இரண்டு கேள்விக்கும் பதில் மஞ்சள் ஆறுதான்.

மேற்கே லோயெஸ் பீடபூமி இருக்கிறது. 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும், காற்று கொண்டுவந்து குவித்த மாவு போன்ற மண். ஒரு கனமழை போதும், கரைந்து ஓடும். மஞ்சள் ஆறு அதன் வழியாகப் பாய்ந்து, மலைகளை விட்டு வெளியே வந்து, இன்றைய செங்ஜோ நகரத்துப் பக்கம் சமவெளியைத் தொடும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மண்ணைச் சுமக்க முடியாது, கீழே போட்டுவிடும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான அளவீடுகளின் சராசரிப்படி ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டல், ஒரு கன மீட்டர் தண்ணீரில் சுமார் 35 கிலோ. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டிய மண் கிழக்கு நோக்கி ஒரு பெரிய விசிறி போலப் பரவி, மெல்லச் சரியும் மேடாக ஆகிவிட்டது.

அந்த மேடு கிழக்கே சரிந்துகொண்டே போனால் எதிரே ஷான்டோங்கின் மலைகள், 'டாய்' (Tai) என்ற மலையும் அதன் சுற்றமும். மேற்கிலிருந்து வரும் வண்டல் மேடு ஒரு பக்கம், மலையடிவாரம் மறுபக்கம், நடுவில் ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. மலைகளிலிருந்து இறங்கும் வென் ஆறும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வருகிறது. லியாங்ஷான் குன்று நிற்பது சரியாக அங்கேதான். இதே பள்ளத் தொடரில் இன்னும் தெற்கே போனால் வெய்ஷான் முதலிய ஏரிகள் இன்றும் இருக்கின்றன. அதாவது, தண்ணீர் தேங்குவதற்கான பாத்திரம் எப்போதும் அங்கே தயாராக இருந்தது, யாராவது ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஊற்றுவதற்கு ஆறு காத்துக்கொண்டே இருந்தது. கரை கட்டி அடக்கிய ஆறு, வண்டலைக் கரைகளுக்கு உள்ளேயே போட்டுத் தன் படுகையைத் தானே உயர்த்திக்கொள்ளும். கரையை உயர்த்துவார்கள், படுகையும் உயரும். கடைசியில் சுற்றியுள்ள வயல்களைவிடப் பல மீட்டர் உயரத்தில் ஓடும். கீழ்ப்பகுதியில் இன்றும் இந்த ஆறு அப்படித்தான் ஓடுகிறது. அந்த நிலையில் ஒரு இடத்தில் உடைப்பு விழுந்தால் தண்ணீர் திரும்பி வராது, பள்ளத்தைத் தேடிப் போகும். கிமு 132இல் ஹூசி என்ற இடத்தில் உடைந்தபோது ஜூயே என்ற பழைய சதுப்புக்குள் பாய்ந்தது. அதுதான் பின்னாளில் லியாங்ஷான் ஏரியாக ஆகப்போகும் நீர்நிலை. அந்த உடைப்பை 23 ஆண்டுகள் கழித்து, கிமு 109இல்தான் அடைத்தார்கள். ஹான் பேரரசர் வூ நேரில் வந்து நின்று, அதிகாரிகளையே விறகுக் கட்டு சுமக்க வைத்தார் என்று வரலாற்றுக் குறிப்பு.

அப்புறம் கிபி 944. ஹுவாஜோ அருகே உடைந்த வெள்ளம் லியாங்ஷான் குன்றைச் சுற்றி வளைத்து வென் ஆற்றோடு கலந்தது. மலை தீவானது அப்போதுதான் என்று சொல்லலாம். 1019இல் மறுபடி ஹுவாஜோ, மறுபடி அதே பள்ளம். 1077இல் சாவோ கிராமத்தில் உடைந்தபோது 45 மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. அந்தத் தண்ணீரும் லியாங்ஷானில் தேங்கித்தான் இரண்டாகப் பிரிந்து போனது. நாவலில் வரும் காலம் 1100களின் தொடக்கம். ஆக, ஏரி உச்சத்தில் இருந்த காலத்தையும் கொள்ளையர் கதையையும் வரலாறு கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறது.

பெரும் சீர்திருத்தவாதி வாங் ஆன்ஷி அமைச்சராக இருந்த காலத்தில் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஏரியை வடித்துவிட்டால் பல்லாயிரம் ஏக்கர் நல்ல நிலம் கிடைக்கும், ஆனால் வடிக்கிற தண்ணீரை எங்கே விடுவது என்றுதான் தெரியவில்லை என்றார் ஒருவர். வாங் தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்த லியு பான், அது ஒரு பெரிய விஷயமா, இன்னொரு லியாங்ஷான் ஏரியை வெட்டினால் போயிற்று என்றாராம். வாங் விழுந்து விழுந்து சிரித்து, திட்டத்தைக் கைவிட்டார். இதை எழுதிவைத்தவர் வாங்கின் அரசியல் எதிரி சிமா குவாங் என்பதால் கொஞ்சம் உப்புக் காரம் கூடியிருக்கும். ஆனால் நீரியலாகப் பார்த்தால் லியு பான் சொன்னதில் பிழையே இல்லை. பள்ளத்தில் நிற்கிற தண்ணீருக்கு அதைவிடப் பள்ளமான இடம் வேண்டும், அந்த வட்டாரத்தில் அது கிடையாது.

ஏரி சும்மா இருக்கவில்லை. கரையோர மாவட்டங்கள் மீனையும் கோரையையும் நம்பிப் பிழைத்தன. கவிஞர் சூ சே அங்கே பூத்த தாமரைகளைப் பற்றிப் பாடியிருக்கிறார். அரசாங்கத்துக்குத்தான் தலைவலி. வயலை அளக்கலாம், வரி போடலாம், ஆளைப் பதிவேட்டில் எழுதலாம். படகில் வாழ்ந்து இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று நகர்கிறவனை என்ன செய்வது? லியாங்ஷான் மீனவர்கள் கொள்ளையையே பழக்கமாக வைத்திருந்தார்கள், எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை என்று சோங் வரலாறு சொல்கிறது. ரென் லியாங் என்ற அதிகாரி குடும்பங்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, படகுகளில் அடையாளம் செதுக்க வைத்து, அடையாளம் இல்லாத படகு ஏரிக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒருவகையில் படகுக்கு நம்பர் பிளேட்! பிறகு பேரரசர் ஹுயிசோங் காலத்தில் யாங் ஜியான் என்ற அரண்மனை அதிகாரி படகுக்கு இவ்வளவு என்று வரி விதித்தார், மீறினால் திருடன் என்று பிடித்தார்கள். வெள்ளமோ வறட்சியோ வந்தால் நிலவரியைத் தள்ளுபடி செய்வார்கள், இந்த வரிக்கு அதுவும் கிடையாது. மீன் பிடிக்கிறவனைச் சட்டமே திருடன் ஆக்கிவிட்டால் அவன் வேறு என்ன செய்வான். நாவலில் வரும் ருவான் சகோதரர்கள், அந்த மூன்று மீனவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால் சோங் ஜியாங்கை மட்டும் லியாங்ஷானோடு சேர்த்துச் சொல்ல அதிகாரபூர்வ வரலாற்றில் ஆதாரம் இல்லை. அவர் நிஜ மனிதர், 1121இல் கடலோரப் பகுதியில் சாங் ஷூயே என்ற ஆளுநரிடம் சரணடைந்தார், கூட இருந்ததாகச் சொல்லப்படுவது 36 பேர். 'ஹுவாய்நான் கொள்ளையன்', அதாவது தெற்கே ஹுவாய் ஆற்றுப் பகுதிக் கொள்ளையன், என்றுதான் குறிப்பு. ஏரிக்குக் கொள்ளையர்கள் இருந்தார்கள், சோங் ஜியாங்குக்குப் புகழ் இருந்தது, கதைசொல்லிகள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நாணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாணல் ஆழமான தண்ணீரில் வேர்விடாது, இரண்டு மீட்டருக்குள் இருந்தால்தான் அடர்ந்து வளரும். ஆகவே கொள்ளையர்களை மறைத்த நாணல் காடு ஏரி ஆழமற்றது என்பதற்கான அத்தாட்சி. பெரிய போர்க்கப்பல் அங்கே தடுமாறியதும் சிறு தோணி சுழன்று விளையாடியதும் அதனால்தான். ஆறு தேங்கிய நீருக்குள் நுழையும்போது பருமணல் வாயிலேயே விழும், நுண்ணிய களி நடு ஏரி வரை போய் மெல்லப் படியும். ஓரம் ஆழம் குறைந்ததும் நாணல் முளைக்கும், நாணல் தண்டுகள் நீரோட்டத்தை இன்னும் மந்தமாக்கும், இன்னும் வண்டல் படியும், நாணல் இன்னும் உள்ளே முன்னேறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு 35 கிலோ வண்டல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஆழ வெள்ளம் நின்று தெளிந்தால் அடியில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் சேறு மிஞ்சும். மூன்று மீட்டர் ஆழ ஏரியை அந்தக் கலங்கல் நீரால் நாற்பது தடவை நிரப்பி வடித்தால் ஏரியே இல்லை. இது தோராயம்தான், வண்டல் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும், எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் படியாது. இருந்தாலும் விஷயம் புரியும்: ஏரியை நிரப்பிய ஆறே அதைத் தூர்க்கவும் செய்தது.

முடிவை விரைவுபடுத்தியது ஒரு போர். 1128 குளிர்காலத்தில், வடக்கிலிருந்து வந்த ஜின் படையைத் தடுக்க டூ சோங் என்ற சோங் அதிகாரி மஞ்சள் ஆற்றின் கரையை வேண்டுமென்றே உடைத்துவிட்டார். ஜின் படை நின்றுவிடவில்லை. ஆறுதான் தடம் மாறியது, தெற்கே திரும்பி ஹுவாய் ஆற்றோடு சேரத் தொடங்கியது. ஊற்றுகிற கை விலகியதும் லியாங்ஷான் வற்றியது. 1180களிலேயே ஜின் அரசு, ஆறு இடம் மாறிவிட்டது, ஏரி பின்வாங்கி நிலம் ஏராளமாக வெளிப்பட்டிருக்கிறது என்று சொல்லி அங்கே குடியானவர்களை அமர்த்தியது. வாங் ஆன்ஷிக்குக் கிடைக்காத நிலம்.

அப்படியானால் 14ஆம் நூற்றாண்டு நாவலில் ஏரி எப்படி இவ்வளவு உயிரோடு இருக்கிறது? பாதி காரணம் நாடகங்கள். லியாங்ஷானுக்குப் பக்கத்து ஊரான டோங்பிங்கைச் சேர்ந்த காவ் வென்சியூ கொள்ளையர் கதைகளை வைத்தே நாடகங்கள் எழுதியவர். மீதிக்கு ஆறும் உதவியது. 1344இல் பாய்மாவோ கரை உடைந்து அந்த வட்டாரம் மறுபடி நீரில் மூழ்கியது. 1351இல் அதைச் சரிசெய்ய ஜியா லூ என்ற பொறியாளர் ஒன்றரை லட்சம் பேரைக் கூட்டினார், அந்தக் கூட்டத்திலிருந்தே செந்தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்து, கடைசியில் யுவான் வம்சம் கவிழ்ந்தது. நாவலாசிரியரின் தலைமுறைக்கு வெள்ளம், அகதிகள், கலகம் மூன்றுமே கண்முன்னே நடந்தவை.

கதை அத்தோடு முடியவில்லை. 1855இல் டோங்வாசியாங்கில் மஞ்சள் ஆறு மீண்டும் கரையை உடைத்து, ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஓடிய தெற்குத் தடத்தை விட்டு வடகிழக்கே திரும்பியது. வண்டலால் படுகை உயர உயர, மலையிலிருந்து வரும் வென் ஆற்றுத் தண்ணீர் வெளியேற முடியாமல் பின்தங்கி நின்றது. இப்படித்தான் குன்றுக்கு வடகிழக்கே இன்றைய டோங்பிங் ஏரி பெரிதானது. பழைய லியாங்ஷானின் மிச்சம் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது இதைத்தான். பள்ளம் அதே பள்ளம், அதில் சந்தேகமில்லை. தண்ணீரைத் தேக்கும் ஏற்பாடு மட்டும் 1855க்குப் பிந்தியது.

இன்று டோங்பிங் ஏரிக்கு இரண்டு வேலை. ஒன்று, யாங்சி ஆற்றுத் தண்ணீரை வடக்கே கொண்டுபோகும் திட்டத்தின் கிழக்குப் பாதை, 2013 இறுதியில் ஓடத் தொடங்கியது. 13 கட்டமாகப் பம்ப் வைத்து ஏற்றி இந்த ஏரி வரை கொண்டுவருகிறார்கள், இதற்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை, மஞ்சள் ஆற்றுக்கு அடியில் தோண்டிய சுரங்கம் வழியாக மறுகரைக்குப் போய் அங்கிருந்து தானாகவே வடக்கே இறங்கி ஓடும். பாதையிலேயே உயரமான இடம் மஞ்சள் ஆற்றின் ஓரம்தான். அதைக் கட்டியதும் அந்த ஆற்றின் வண்டல்தான்.

இரண்டாவது வேலை வெள்ளம் தாங்குவது. 1958இல் சுற்றிலும் கரை கட்டினார்கள், பின்னர் நடுவே இன்னொரு கரை போட்டு 209 சதுர கிலோமீட்டர் பழைய ஏரி, 418 சதுர கிலோமீட்டர் புதிய ஏரி என்று பிரித்தார்கள். 1982 ஆகஸ்டில் மஞ்சள் ஆற்றில் வினாடிக்கு 15,000 கன மீட்டருக்கு மேல் வெள்ளம் வந்தபோது மதகைத் திறந்து பழைய ஏரிக்குள் விட்டார்கள், அதிலேயே சமாளித்துவிட்டார்கள். லியாங்ஷான் மாவட்டம் வரை நீளும் புதிய ஏரியில் தண்ணீர் கிடையாது, உள்ளே ஊர்கள் இருக்கின்றன, விவசாயம் நடக்கிறது.